பதினெட்டு வயதுக்குப் பின்னும் உரிமை உண்டு: மலைக் கல்லூரிகளும் மாற்றுத்திறனாளி மாணவர்களும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் நிறுவப்பட்டது. சமவெளிக்கு இறங்காமலே உயர்கல்வி பெறும் வாய்ப்பு பழனி மலைப் பெண்களுக்கு அதன்வழி உருவானது. எனினும் செங்குத்தான பாதை, படிக்கட்டு, மூடுபனி, அரிதாக வரும் பேருந்து ஆகிய மலைவாழ்வின் இயல்புகள் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு வகுப்பறையை எட்டுமுன்பே தடையாகின்றன.

இத்தடை எல்லோர்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு.

சட்டம் தருவது என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இலவசக் கல்வியுரிமையை 6 முதல் 18 வயதுக்குள் வரையறுக்கிறது. அதற்குப் பின் வயதுவந்தோர் துணைகொள்ள வேண்டியவை மூன்று பிரிவுகள். வயதுவந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் சமமான பங்கேற்பை உறுதிசெய்யும் பொறுப்பைப் பிரிவு 18 அரசின்மேல் சுமத்துகிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடஒதுக்கீட்டையும், சேர்க்கைக்கான உச்ச வயதில் 5 ஆண்டுத் தளர்வையும் பிரிவு 32 வழங்குகிறது. இதற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புக்கான சான்று வேண்டும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் தனியொருவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்பது பிரிவு 16.

இந்த ஏற்பாடு சலுகையன்று, சமத்துவத்தின் உள்ளடக்கம். விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2021இல் இதையே நிலைநாட்டியது. 40 விழுக்காட்டு வரம்பை எட்டாதவரும், எழுத இயலாத நிலையில், சொல்வதை எழுதுபவரைப் பெறலாம் என அது தீர்ப்பளித்தது. மேலும், 2018ஆம் ஆண்டின் நடுவணரசு வழிகாட்டுதல்படி, சொல்வதை எழுதுபவரின் உதவி பெறத் தகுதியுள்ள தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் வரையறுக்கப்பட்டது. மூன்று மணிநேரத் தேர்வெனில் ஒரு மணிநேரம்.

சாதியும் ஊனமும்

பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை தொடர்பான பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021), சாதி, பாலினம், ஊனம் ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவதை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கல்லூரிக்கும் இப்பார்வை தேவை. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டமானது. அதாவது, பட்டியல் சாதி மாணவர் ஓர் உரிமைக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. ஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை பற்றிய விவரங்களைச் சேர்க்கையின்போதே அவரிடம் எழுத்தில் தருவது நிர்வாகத்தின் கடமை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

பாடக்குறிப்புகளைத் திரைவாசிப்பான் படிக்கத்தக்க மின்வடிவில் முன்கூட்டியே அளிக்கலாம். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லலாம். காதுகேளாதோர் உதடசைவைக் காணும்படி முகம்பார்த்துப் பேசலாம். மாடி ஏற இயலாதவர் பயிலும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். மழையாலும் மண்சரிவாலும் பேருந்து நின்ற நாளின் வருகைக்குறைவைத் தண்டனையாக்காதிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை.

மறுக்கப்படும்போது, கோரிக்கையை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுக. தீர்வில்லையேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடுக. மாணவர் அமைப்புகள் அம்முறையீட்டில் உடன் நிற்க வேண்டும். தனியே போராடிச் சோர்ந்து படிப்பைக் கைவிடுபவரின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை.