மஹாவும் ஹிமாவும்: அரபுப் பாலைவனத்தின் ஓர் உயிரின வரலாறு

பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்று வரும் நம்மவர்களுக்குக் கத்தார் நாட்டு விமானங்களின் வாலில் தீட்டப்பட்டிருக்கும் நீள்கொம்பு விலங்கின் தலை பழகிய காட்சியாகும். 2006ஆம் ஆண்டு தோஹாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் அவ்விலங்கே சின்னமாக அமைந்தது. அரபியர் அதனை 'மஹா' என்பர். உயிரியலார் அரேபிய ஓரிக்ஸ் என்பர். இன்று அரபு மண்ணின் அடையாளமாகப் போற்றப்படும் இவ்விலங்கு, 1972ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அந்த மண்ணில் எங்கும் சுதந்திரமாக உலவியதில்லை. அது அழிந்த விதத்தையும், மீண்ட விதத்தையும், மீண்ட பின்னும் ஓரிடத்தில் மறுபடி இழக்கப்பட்ட விதத்தையும் ஆராயப் புகுவோமாயின், இஸ்லாமிய மரபின் 'ஹிமா' என்னும் பழைய நெறியொன்றின் உட்பொருள் நமக்கு விளங்கும்.

பாலைக்கென அமைந்த படைப்பு

மஹா, மான் போலத் தோன்றினும் மான் அன்று; இரலை வகையைச் சார்ந்தது. ஓரிக்ஸ் பேரினத்தின் ஏனைய இனங்கள் யாவும் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. இவ்வொரு இனமே ஆசியாவுக்கு உரியது; தன் பேரினத்தில் சிறியதும் இதுவே. வெயிலைத் திருப்பி எறியும் வெண்ணிற மேனி, மணலில் புதையாத அகன்ற குளம்பு, நெடுந்தொலைவில் பெய்த மழையின் பசுமையை நாடிச் செல்லும் இயல்பு ஆகியவை அதற்கு வாய்த்துள்ளன. நீர் அருந்தாமலே பல மாதங்கள் அதனால் வாழ முடியும். புல் பூண்டுகளின் ஈரமும் அவற்றின்மீது படியும் பனித்துளியும் அதற்குப் போதும். உயிரினப் பன்மையின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவோர், ஒரு நிலம் தன் இயல்புக்கேற்ற உயிரை நெடுங்காலத்தில் உருவாக்கிக் கொள்கிறது என்பர். அதற்கு மஹாவைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. அதனை இழந்தால், அந்தப் பாலையில் அதன் இடத்தை நிரப்ப வேறோர் இனம் இல்லை.

ஒரு காலத்தில் அரபுத் தீபகற்பம் முழுவதிலும், வடக்கே சினாய், பாலஸ்தீனம், ஜோர்தான், சிரியா, இராக் வரையிலும் அது பரவியிருந்தது. அரபுக் கவிஞர் பெண்களின் கண்ணழகுக்கு மஹாவின் கண்களை உவமை கூறினர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பஸ்ரா அறிஞர் அல்-ஜாஹிஸ், எட்டாம் நூற்றாண்டின் எகிப்திய அறிஞர் அத்-தமீரி போன்றோர் உயிரினங்களுக்கெனவே பெருநூல்கள் யாத்தனர்.

வேட்டைக்கு இட்ட எல்லை

பாலைவாசிக்கு வேட்டை ஆகுமானதே; அதனை மார்க்கம் தடை செய்யவில்லை. ஆனால் எல்லை வகுத்தது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இஹ்ராம் உடை தரித்தவர் தரைவாழ் விலங்கைக் கொல்லலாகாது என்றும், கொன்றவர் அதற்கு ஈடாகக் கால்நடையைப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் விதிக்கிறது. நபித்தோழர்கள் வழியாக வந்துள்ள தீர்ப்புகளில் தீக்கோழிக்கு ஒட்டகமும், காட்டுப்பசுவுக்கு மாடும், மானுக்கு ஆடும் ஈடாகக் கூறப்படுகின்றன. பழைய அரபு நூல்களில் காட்டுப்பசு என்பது பெரும்பாலும் மஹாவையே சுட்டும். ஒரு காட்டு விலங்கின் உயிருக்கு விலை உண்டு என்பதை இச்சட்டம் நிறுவியது. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டை எக்காலத்தும் விலக்கப்பட்டது. மதீனாவின் இரு எரிமலைப் பாறை வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே புனித எல்லையாக அறிவித்தார்கள்.

இவற்றோடு இணைத்து எண்ணத்தக்கது ஹிமா. பிறர் மேய்க்கவும் வெட்டவும் கூடாதெனக் காக்கப்பட்ட நிலம் என்பது அச்சொல்லின் பொருள். இஸ்லாத்துக்கு முன்பு அது வலியோரின் தனியுரிமையாக இருந்தது. வாயில் குலத் தலைவன் குலைப் பின் ரபீஆ, தன் நாயின் குரைப்பொலி எட்டும் தொலைவு வரை பிறர் மேய்க்கக் கூடாதெனத் தடுத்தான் என்றும், தன் நிலத்தில் புகுந்த ஓர் ஒட்டகத்தை அவன் அம்பெய்து வீழ்த்தியதால் அவனே கொலையுண்டான் என்றும், அதிலிருந்து மூண்ட பசூஸ் போர் நாற்பதாண்டுகள் நீடித்தது என்றும் அரபு மரபு கூறும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மட்டுமே உரியது என அறிவித்து, அதனைப் பொதுநலன் சார்ந்ததாக மாற்றினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்பவரை ஹிமாவுக்குப் பொறுப்பாளராக அமர்த்தியபோது இட்ட கட்டளையை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவர்களை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விலக்குமாறும் அவர்கள் கூறினார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவர் கலீஃபாவிடம் வந்து நிற்பார் என்பது அவர்கள் காட்டிய காரணம்.

ஹிமாக்கள் காட்டு விலங்குகளுக்காக ஏற்பட்டவை அல்ல. போர்க் குதிரைகளுக்கும் ஸகாத் ஒட்டகங்களுக்கும் ஒதுக்கப்பட்டவையே என்பதை மறுப்பதற்கில்லை. இன்றைய சரணாலயத்தை அப்படியே அன்றைய ஹிமாவாகக் காண்பதும் பொருந்தாது. எனினும், ஒரு நிலம் காக்கப்படும்போது கை கட்டப்பட வேண்டியவர் யார் என்ற வினாவுக்கு அந்நெறி தெளிவான விடை தந்தது: வலியவர்.

அழிவு

ஒட்டகத்தின்மீதோ கால்நடையாகவோ பழைய ஆயுதங்களுடன் சென்ற பதவீ வேட்டைக்காரரால் மஹா இனத்தை அழிக்க இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் அந்தச் சமநிலையைக் குலைத்தன. எண்ணெய்ச் செல்வம் பெருகியபின், ஜீப் வண்டிகளில் அணியணியாகச் சென்று துரத்திச் சுடும் கேளிக்கை வேட்டை பரவியது. அதே காலத்தில், 1953இல் சவூதி அரேபியாவில் பழைய ஹிமாக்கள் பொது மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்பட்டன. எகிப்திய அறிஞர் உமர் திராஸ் 1969இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஹிமா முறை பற்றி எழுதி, அதன் இழப்பை உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார்.

வடக்கே நஃபூத் பாலையில் மஹா முதலில் மறைந்தது. தெற்கே ருபுஉல் காலி என்னும் பெருமணற்பரப்பின் ஓரங்களில் எஞ்சியவையும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1972 அக்டோபரில் ஓமானின் ஜித்தத்துல் ஹராஸீஸ் சமவெளியில், வெளியிலிருந்து வந்த வேட்டைக் குழுவொன்றால் இறுதிக் கூட்டமும் இல்லாதொழிந்தது.

மீட்பு

முற்றழிவை முன்னுணர்ந்தோர் பத்தாண்டுகளுக்கு முன்பே செயலில் இறங்கியிருந்தனர். 1962இல் இலண்டனிலிருந்து இயங்கிய விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்று, கென்யாவின் காட்டுயிர்த் தலைமை அதிகாரி இயான் கிரிம்வுட் தலைமையில் கிழக்கு ஏடன் பகுதிக்கு ஒரு குழுவை அனுப்பியது. பிடிபட்டவை நான்கு, அவற்றுள் ஒன்று இறந்துபோயிற்று. எஞ்சிய மூன்றுடன் இலண்டன் விலங்குக் காட்சியகத்தின் ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி மன்னர் வழங்கிய இரு இணைகள் ஆகியன சேர்ந்து, ஒன்பது விலங்குகள் கொண்ட 'உலக மந்தை' அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் உருவாயிற்று. கத்தாரிலும் அபூதபியிலும் தனியார் மந்தைகளில் வளர்ந்தவையும் பின்னர் இனமீட்புக்குத் துணைநின்றன.

சுல்தான் காபூஸ் அவர்களின் ஆதரவில் 1980இல் மஹாக்கள் ஓமானுக்குத் திரும்பின. யாலூனி என்னுமிடத்தில் அடைப்புக்குள் பழக்கப்பட்ட பத்து விலங்குகள் 1982 ஜனவரி 31 அன்று திறந்த வெளியில் விடப்பட்டன. காவலர்களாக அமர்த்தப்பட்டோர் அந்நிலத்தின் மைந்தர்களான ஹராஸீஸ் குலத்தவர். மந்தை பெருகிற்று. 1994இல் அச்சரணாலயம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1996இல் ஏறத்தாழ 450 மஹாக்கள் அங்கு உலவின.

இரண்டாம் இழப்பு

அவ்வாண்டிலேயே கள்ள வேட்டை தொடங்கியது. இம்முறை வந்தோர் பெரும்பாலும் கொல்ல வரவில்லை. உயிருடன் பிடித்துச் செல்ல வந்தனர். நாட்டுக்கு வெளியே செல்வர்களின் தனி விலங்குக் கூடங்களில் நல்ல விலை கிடைத்தமையால், குட்டி ஈனும் பெண் விலங்குகளே முதலில் கவரப்பட்டன. துரத்தலின் அதிர்ச்சியில் வழியிலேயே இறந்தவை பல. 1998 செப்டம்பரில் எஞ்சியவை ஏறக்குறைய 138. அவற்றுள் பெண் விலங்குகள் 28 மட்டுமே. 2007இல் எண்ணிக்கை 65 ஆகச் சுருங்கியது. எண்ணெய் வளம் தேடும் பொருட்டுச் சரணாலயத்தின் பரப்பும் 90 விழுக்காடு குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் யுனெஸ்கோ அதனைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக மரபுப் பட்டியலிலிருந்து ஓரிடம் நீக்கப்பட்டது அதுவே முதன்முறை.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் அழிவைச் செய்தது துப்பாக்கி. இரண்டாம் அழிவைச் செய்ததோ உடைமை வேட்கை. மஹாவை வாங்கியவர் அதனை வெறுத்தவர் அல்லர். அதன் அழகில் மயங்கித் தம் வேலிக்குள் வைத்துக்கொள்ள விழைந்தவர். குலைபின் ஹிமாவும் இத்தகையதே. நிலம் காக்கப்பட்டது, ஆனால் ஒருவனுக்காக. தனியார் மந்தைகள் 1960களில் மஹாவைக் காத்தன என்பது உண்மை. பின்னர் அதே மந்தைகளின் தேவையே காட்டு மந்தையைச் சூறையாடத் தூண்டியது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வேலி மட்டும் போதாது என்பதைச் சவூதி அரேபியாவின் அனுபவம் உணர்த்துகிறது. 1990இல் மஹாக்கள் விடப்பட்ட மஹாஸத்துஸ் ஸைத் காப்பகம் முழுவதும் வேலியிடப்பட்டது. கள்ள வேட்டை தடுக்கப்பட்டது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில், பசுமையை நாடிச் செல்ல வழியின்றி நூற்றுக்கணக்கானவை உள்ளேயே மாண்டன. ருபுஉல் காலியின் மேற்கோரத்து உரூக் பனீ மஆரிள் காப்பகத்தில் 1995 முதல் அவை வேலியின்றி விடப்பட்டுள்ளன. 2023இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

2011இல் காட்டில் வாழும் மஹாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரம் எனக் கணிக்கப்பட்டு, பன்னாட்டுச் செம்பட்டியலில் அதன் நிலை மேம்படுத்தப்பட்டது. காட்டில் முற்றிலும் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட ஓர் இனம் அந்த அளவுக்கு மீண்டது அதுவே முதன்முறை. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், காட்டில் உள்ளவற்றினும் பன்மடங்கு அதிகமானவை இன்றும் அடைப்புகளில்தான் வாழ்கின்றன.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை உணர்த்துகிறது. ஒரு சமுதாயம் தன் நிலத்தில், தன் போக்கில் வாழ்ந்தாலன்றி அது சமுதாயம் ஆகாது. ஹிமாவின் மரபை இன்று புதுப்பிக்க விழைவோர் பலர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சவூதி அரசுத் துறையும் இணைந்து இஸ்லாமியப் பாதுகாப்பு நெறிகள் குறித்து 1983இல் வெளியிட்ட ஆய்வேடு அவ்வழியில் ஒரு தொடக்கம். ஆனால் பெயரைப் புதுப்பித்தல் எளிது. ஹுனைய்க்கு இட்ட கட்டளையைப் புதுப்பித்தல் கடினம். செல்வரின் வண்டியையும் எண்ணெய்க் கிணற்றையும் எல்லையில் நிறுத்தவும், ஹராஸீஸ் குலத்து மேய்ப்பரைக் காவலராக மதிக்கவும் துணியும் ஆட்சியின்கீழ்தான் ஹிமா உயிர்பெறும், மஹாவும் உயிர்வாழும்.