அவார்டு படமா, ஓடுற படமா? செங்கல்பட்டு ஏரியாவும் தங்கத் தாமரையும்

இந்த எபிசோடுக்குக் காரணம் என் பெரியப்பா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல பூஞ்சேரியில இருக்காரு. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு விநியோகஸ்தர்கிட்ட ரெப் வேலை பார்த்தவர். ரெப்னா என்னன்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. படம் ஓடுற தியேட்டருக்கு விநியோகஸ்தர் தன் ஆளை அனுப்புவார். அந்த ஆள் ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை டிக்கெட் போச்சுன்னு பார்க்கணும், தியேட்டர்காரர் கணக்கை மறைக்கிறாரான்னு கவனிக்கணும், டி.சி.ஆர்.னு சொல்ற அன்றாட வசூல் கணக்கை வாங்கிட்டு வரணும். மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திருக்கழுக்குன்றம்னு பெரியப்பா சுத்தாத கொட்டகை இல்ல.

அவர்கிட்ட "அவார்டு படம்"னு சொன்னா அது ஒரு திட்டு. சாயங்காலக் காட்சிக்கு இருபது பேர் உட்கார்ந்திருந்தா, "அவார்டு படம் மாதிரி ஆயிடுச்சு"ன்னு சொல்வாரு. படத்துக்கு விருது கிடைச்சிருக்கணும்னு கூட அவசியமில்ல.

செங்கல்பட்டுக்காரங்களுக்கு இந்த விஷயத்துல தனி இடம் உண்டு. தமிழ் சினிமா வியாபாரத்துல ஊரை மாவட்டக் கணக்குல பிரிக்க மாட்டாங்க, ஏரியா கணக்குல பிரிப்பாங்க. சென்னை சிட்டி ஒரு ஏரியா, கோயம்புத்தூர் ஒரு ஏரியா, மதுரை–ராமநாதபுரம் ஒண்ணு, திருச்சி–தஞ்சாவூர் ஒண்ணு. அதுல "செங்கல்பட்டு ஏரியா"வும் ஒண்ணு. முன்னாடி வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூணையும் சேர்த்து என்.எஸ்.சி.ன்னு விப்பாங்க. ஒரு படம் ஹிட்டா இல்லையான்னு கேட்டா, வியாபாரத்துல இருக்கவங்க முதல்ல பார்க்கிற நம்பர்கள்ல நம்ம ஊர் பேர் கட்டாயம் இருக்கும்.

அப்ப ஒரு படத்துக்கு ரெண்டு மார்க் ஷீட் இருக்கு. ஒண்ணு டெல்லியில ஒரு ஜூரி போடுறது. இன்னொண்ணு பெரியப்பா மாதிரி ஆளுங்க மஞ்சள் பேப்பர்ல எழுதிக் கொண்டு வர்றது. ரெண்டும் ஒத்துப் போகாதுன்னு நாம எல்லாரும் நம்புறோம். எப்பவுமே இப்படித்தான் இருந்ததா? இதைத்தான் நான் தேடிப் பார்த்தேன். ஆரம்பத்துல நிலைமை வேற மாதிரி இருந்திருக்கு.

தேசிய விருதுகள் 1954-ல் தொடங்குது. முந்தின வருஷப் படங்கள்ல தங்கப் பதக்கம் வாங்கினது 'ஷ்யாம்சி ஆயி'ங்கிற மராத்திப் படம். அடுத்த வருஷத்துல தமிழ்ப் படங்களுக்கும் பதக்கம் வருது. 1954-ல் வந்த ரெண்டு தமிழ்ப் படங்களை மட்டும் எடுத்துக்கோங்க.

முதலாவது 'அந்த நாள்'. ஏ.வி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். ரெண்டாம் உலகப் போர் சமயம், ஜப்பான்காரன் சென்னையில குண்டு போட்ட காலம். படம் ஆரம்பிச்சதுமே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுவார். அப்புறம் ஆளுக்கு ஒரு கோணத்துல அந்தக் கொலையைச் சொல்வாங்க. குரோசாவாவோட 'ரஷோமான்' பார்த்துட்டு வந்த பாதிப்பு. ஒரு பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம் அதுதான். ஹீரோவே தேசத் துரோகி வேற! இன்னைக்கு சினிமா பேசுற எந்த யூடியூப் சேனலும் இந்தப் படத்தைக் கொண்டாடாம இருக்காது. அன்னைக்கு வசூல்ல விழுந்துடுச்சு.

ரெண்டாவது 'மலைக்கள்ளன்'. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு, கதை நாமக்கல் கவிஞர், வசனம் கருணாநிதி, ஜோடி எம்.ஜி.ஆர்–பானுமதி. குதிரை, மாறுவேஷம், ஏழைக்குக் கொடுக்கிற கொள்ளைக்காரன், எல்லாம் உண்டு. பயங்கர ஹிட். அதே டைரக்டர் இதை இந்தியில திலீப் குமாரை வெச்சு 'ஆசாத்'னு எடுத்தார், அதுவும் ஹிட்.

ஜூரி எதுக்குக் கொடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்கு. தமிழுக்குக் கிடைச்ச முதல் வெள்ளிப் பதக்கமே அதுதான். 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழோட நின்னுடுச்சு. இதைப் படிச்சதும் நான் ஓடிப்போய்ச் சொன்ன முதல் ஆள் பெரியப்பாதான். அவர் அலட்டிக்கவே இல்ல. "வாத்தியார் படம்டா, கொடுக்காம?"

இது ஏதோ ஒரு தடவை நடந்ததும் இல்ல. 1960-க்கு வாங்க, நம்ம கடற்கரைக்கே வரலாம். கல்கி எழுதின 'பார்த்திபன் கனவு' படமா வருது. ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா நடிச்ச பல்லவர் காலத்துக் கதை, மாமல்லபுரமும் அதுல உண்டு. அந்த வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப் படம் அதுதான். தொழிலாளர் வாழ்க்கையை எடுத்த நிமாய் கோஷோட 'பாதை தெரியுது பார்' தகுதிச் சான்றிதழோட போச்சு. அதுக்கு இசை எம்.பி. ஸ்ரீநிவாசன், ஜெயகாந்தன் பாட்டு எழுதினார். இடதுசாரித் தோழர்கள் சேர்ந்து எடுத்த அந்தப் படம் தியேட்டர்லயும் நிக்கல. ஆக, அந்தக் காலத்து ஜூரிக்கு அரண்மனை, பாட்டு, பெரிய நட்சத்திரம் எதுவும் கௌரவக் குறைச்சலா தெரியல.

இங்க சிவாஜி விஷயத்தைப் பேசாமப் போனா நீங்க என்னை விட மாட்டீங்க.

1971-ல் எம்.ஜி.ஆர் நடிச்ச 'ரிக்‌ஷாக்காரன்' வருது. வெள்ளிவிழா ரகக் கூட்டம். அதுக்கு எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது, அப்ப அதுக்குப் பேர் 'பாரத்' விருது. இது அரசியல் விருதுன்னு அப்பவே பேச்சு எழுந்தது. அதே 1971-ல் சிவாஜியும் ஒரு படத்துல ரிக்‌ஷா இழுத்தார்! 'பாபு'. ரெண்டு பேரும் ஒரே வருஷம் ஒரே தொழில், ஒருத்தருக்கு விருது. சிவாஜிக்குக் கடைசி வரைக்கும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவே இல்ல. 1960-ல் கெய்ரோவுல நடந்த ஆப்பிரிக்க–ஆசியப் பட விழாவுல 'வீரபாண்டிய கட்டபொம்ம'னுக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கின மனுஷன். டெல்லி அவருக்குக் கொடுத்தது 'தேவர் மக'னுக்கு ஒரு ஸ்பெஷல் ஜூரி விருதும், 1996-க்கான தாதாசாகேப் பால்கே விருதும்தான்.

எங்க மாவட்டத்துக்கே ஒரு காலத்துல செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம்னு பேர் இருந்தது. அதனால இந்த சப்ஜெக்ட்ல நான் நடுநிலையா இருந்தா வீட்டுல சோறு கிடைக்காது. இருந்தாலும் சொல்றேன், 'பாபு' பாருங்க. அது 'ஓடயில் நின்னு'ங்கிற மலையாளப் படத்தோட ரீமேக். அந்த மலையாளப் படத்தோட டைரக்டர் கே.எஸ். சேதுமாதவன். இந்தப் பேரை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

இதுவரைக்கும் பார்த்ததுல ஹிட் படமும் அவார்டு படமும் ஒரே வரிசையில நின்னுச்சு. வரிசை பிரிஞ்சது எழுபதுகள்ல. 1970-க்கான தங்கப் பதக்கம் கன்னடத்து 'சம்ஸ்கார'வுக்குப் போகுது. நட்சத்திரம், செட்டு, டூயட் இல்லாத புது அலைப் படங்கள் ஜூரியைப் பிடிச்சுக்குது. நல்ல படங்கள்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அப்ப ஒரு கேள்வி வந்திருக்கும்: ஊரே பார்க்கிற படத்துக்கு என்ன பண்றது? 1975-ஆம் வருஷப் படங்களுக்கான விருதுல விடை வந்தது. "ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம்"னு தனியா ஒரு பிரிவு. முதல் விருது 'தபஸ்யா'ங்கிற இந்திப் படத்துக்கு. சிறந்த படம், கன்னடத்து 'சோமன துடி'.

என் கருத்து இது, நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. அந்த நல்லெண்ணப் பிரிவுதான் பெரியப்பாவோட திட்டுக்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்தது. உனக்குன்னு தனிப் பந்தி போட்டாச்சு, இனி இந்தப் பந்திக்கு வராதேங்கிற மாதிரி. 'மலைக்கள்ளன்' 1975-க்கு அப்புறம் வந்திருந்தா முதல் பந்தியில உட்கார்ந்திருக்க முடியும்னு எனக்குத் தோணல. தமிழ்ல 'வானத்தைப் போல' இந்த ஜனரஞ்சக விருதை வாங்குச்சு. 2011-க்கு 'அழகர்சாமியின் குதிரை' வாங்குச்சு. அப்புக்குட்டி ஹீரோவா நடிச்ச சின்னப் படம் அது. அதுக்கே ஜனரஞ்சக விருதுன்னா, இந்தப் பிரிவுக்கு என்ன அளவுகோல்னு எனக்கு இன்னும் பிடிபடல.

ஹாலிவுட்டும் இதே குழப்பத்துல சிக்கியிருக்கு. 1929-ல் நடந்த முதல் ஆஸ்கர்லயே ரெண்டு பெரிய பரிசு. 'விங்ஸ்' படத்துக்கு ஒண்ணு, கலைத்தன்மைக்காக 'சன்ரைஸ்' படத்துக்கு இன்னொண்ணு. அடுத்த வருஷமே ரெண்டாவதைத் தூக்கிட்டாங்க. 2009-ல் 'தி டார்க் நைட்' சிறந்த படப் பட்டியல்ல வரலன்னு கூச்சல் வந்ததும் பட்டியலை அஞ்சுல இருந்து பத்தாக்கினாங்க. 2018 ஆகஸ்ட்ல "பாபுலர் படம்"னு தனி ஆஸ்கர் கொடுக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. வந்த எதிர்ப்பைப் பார்த்து அடுத்த மாசமே ஒத்தி வெச்சுட்டாங்க. அது ஜனங்க பார்க்கிற படத்தைக் கீழ இறக்கி வைக்கிற வேலைன்னு அவங்க ஊர்ல சண்டை போட்டாங்க. நம்ம ஊர்ல 43 வருஷம் முன்னாடியே அதைச் செஞ்சு முடிச்சாச்சு.

நடுவுல அழகான வருஷங்களும் உண்டு. 1987-ஐ எடுத்துக்கோங்க. சிறந்த நடிகர் 'நாயகன்' கமல், சிறந்த நடிகை 'வீடு' அர்ச்சனா. ஒரு பக்கம் மணிரத்னம், இன்னொரு பக்கம் பாலு மகேந்திரா. அந்த ஜூரிக்கு ஒரு சல்யூட்.

ஆனா மொத்த இந்தியாவுக்கான முதல் பரிசு, அதாவது தங்கத் தாமரை, இதுவரைக்கும் மூணே தமிழ்ப் படத்துக்குத்தான் கிடைச்சிருக்கு. முதலாவது 1990-க்கான விருது, 'மறுபக்கம்'. இந்திரா பார்த்தசாரதியோட 'உச்சி வெயில்' கதை, என்.எஃப்.டி.சி. தயாரிப்பு, டைரக்டர் நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அதே சேதுமாதவன். நடிச்சவர் சிவகுமார். பெரியப்பாவோட கணக்கு நோட்டுல அந்தப் பேரே இல்ல.

ரெண்டாவது எங்க ஊர்க் கதை. 'காஞ்சிவரம்'. 1997 வரைக்கும் காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. பொண்ணு பிறந்தப்ப அவளுக்குப் பட்டுப் புடவை கட்டி அனுப்புறேன்னு சத்தியம் பண்ணிட்ட ஒரு நெசவாளி, நாள் முழுக்கப் பட்டுலயே கை வெச்சாலும் ஒரு புடவை வாங்க வக்கில்லாதவர். கொஞ்சம் கொஞ்சமா பட்டு நூலைத் திருடி வாயில ஒளிச்சு வெச்சுக் கொண்டு வருவார். அதே ஆள் சங்கம் வெச்சுப் போராட்டமும் நடத்துவார். போராட்டம் நடந்தா நூல் வராது, நூல் வரலன்னா புடவை இல்ல. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. எடுத்தது யாரு? 'ஹேரா பேரி' எடுத்த பிரியதர்ஷன்!

அது 2007-க்கான விருது. அந்த வருஷம் தமிழ்நாட்டைக் கலக்கின படம் ரஜினியோட 'சிவாஜி'. அதுக்கும் அதே விருதுப் பட்டியல்ல இடம் உண்டு, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு. தயாரிப்பு ஏ.வி.எம். பாட்டே இல்லாம 'அந்த நாள்' எடுத்து நஷ்டப்பட்ட அதே கம்பெனி.

'காஞ்சிவரம்' இங்க தியேட்டருக்கு வந்தது 2009 மார்ச்ல. தங்கத் தாமரை அறிவிச்சது அதே வருஷம் செப்டம்பர்ல. விருது வாங்கின சேதி வந்தப்ப, போய்ப் பார்க்கலாம்னு நினைச்சவனுக்குத் தியேட்டர்ல படம் இல்ல. நான் காலேஜ் ஹாஸ்டல்ல லேப்டாப்புல பார்த்தேன், பாதி பஃபரிங். வாயில நூல் வெச்சுட்டு வர்ற காட்சியில ரூம்ல நாலு பேரும் பேச்சை நிறுத்திட்டோம். எங்க அம்மாவழிச் சொந்தத்துல தறி ஓட்டினவங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்ல. அது அவார்டு படம்னு பேர் வாங்கிடுச்சு, அவ்ளோதான். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது இந்த இடத்துலதான்.

மூணாவது 'சூரரைப் போற்று'. 2020-க்கான விருது. சிறந்த படம், சூர்யா சிறந்த நடிகர், அபர்ணா பாலமுரளி சிறந்த நடிகை, திரைக்கதை, பின்னணி இசைன்னு அஞ்சு விருது. முதல் தங்கத் தாமரைப் படத்துல அப்பா சிவகுமார், மூணாவதுல பையன். சூர்யாவோட அந்த விருதைப் பகிர்ந்துக்கிட்டவர் அஜய் தேவ்கன், 'தானாஜி'க்காக. ஜனரஞ்சக விருது வாங்கினதும் அதே 'தானாஜி'. பெரிய ஹீரோ, பாட்டு, கைதட்டல் வசனம் எல்லாம் இருக்கிற ஒரு தமிழ்ப் படம் தங்கத் தாமரை வாங்கினது இதுதான் முதல் தடவை. 'மலைக்கள்ள'னோட பேரன்னே சொல்லலாம்.

விருது அறிவிச்ச அந்த 2022 ஜூலையில, இதை வெச்சுப் பெரியப்பாவை ஜெயிச்சுடலாம்னு பூஞ்சேரிக்குப் போனேன். படத்தை டிவியில போட்டேன். மனுஷன் அசையாம உட்கார்ந்து பார்த்தார். மாறன் ஏர்போர்ட்ல ஒவ்வொருத்தர்கிட்டயா டிக்கெட்டுக்குக் காசு கேட்டுக் கெஞ்சுற இடத்துல துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். முடிஞ்சதும் முதல் கேள்வி: "செங்கல்பட்டுல எவ்ளோ ஷேர் வந்துச்சு?"

"தியேட்டருக்கே வரல பெரியப்பா. கொரோனா டைம். நேரா ஓடிடி."

"டி.சி.ஆரே கிடையாதா?"

"கிடையாது."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப இதுவும் அவார்டு படம்தானா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். ஆனா மறுநாள் காலையில பெரியம்மா போன் பண்ணாங்க. ராத்திரி திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம்.