நகையும் நெடுமூச்சும்: 'ஜார்ஜி கேர்ள்' காட்டும் இலண்டன்

1966 ஏப்ரலில் 'டைம்' என்னும் அமெரிக்க இதழ், இலண்டனைக் களிப்பில் ஆடும் நகரமாக அட்டைப்படத்தில் தீட்டி உலகுக்குக் காட்டியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் உருவான 'ஜார்ஜி கேர்ள்' என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படமோ, அக்களிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என வினவியது.

மார்கரெட் ஃபார்ஸ்டரின் 1965ஆம் ஆண்டுப் புதினத்தை அவரும் பீட்டர் நிக்கல்ஸும் திரைக்கதையாக்க, சில்வியோ நாரிஸானோ இயக்கினார். லின் ரெட்கிரேவ் ஏற்ற ஜார்ஜி, லீமிங்டன் என்னும் செல்வரின் வீட்டுப் பணியாளர் மகள்; தன்னை அழகற்றவளாக எண்ணுபவள். தொடக்கக் காட்சியில் ஒப்பனை நிலையத்தில் கூந்தலைப் புதுப்பாணியில் அலங்கரித்துக்கொள்கிறாள்; உடனே நாணமுற்றுப் பொதுக் கழிப்பறையில் அதனைக் கழுவிவிடுகிறாள். நகர் விதித்த அழகு அவளுக்குப் பொருந்தவில்லை என்பதை உணர்த்தும் காட்சி அது.

அவளுடன் வாழும் மெரிடித் அழகி, வயலின் கலைஞர். கருவுற்றுக் காதலன் ஜாஸை மணக்கிறாள். பெற்ற குழந்தையையோ வேண்டாமென உதறுகிறாள். ஜார்ஜியும் ஜாஸும் காதல்கொண்டு குழந்தையை வளர்க்க முனைகின்றனர். பொறுப்பின் சுமை தாங்காது ஜாஸ் விலகிவிடுகிறான்.

இங்கே வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். கருத்தடை மாத்திரை 1961இல் பிரிட்டனின் அரசு மருத்துவப் பணியில் இடம்பெற்றது. எனினும் தொடக்கத்தில் பெரும்பாலும் மணமான பெண்டிர்க்கே வழங்கப்பட்டது. கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது 1967இல்தான். புதிய காலம் பிறந்துவிட்டதாகப் பாடல்கள் முழங்கின. சட்டமோ பின்தங்கி நடந்தது. அவ்விடைவெளியில் நிற்பவளே ஜார்ஜி. மணமாகாத அவளிடமிருந்து குழந்தை பறிபோகும் நிலை வருகிறது. மனைவியை இழந்த லீமிங்டன், தந்தை வயதுடையவர், மணக்க முன்வருகிறார். அவள் இசைகிறாள்.

தமிழ் மரபு பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என வகுத்தது. இம்மணமும் அவ்வகையினதே, ஆயினும் இதனை நாடச் செய்தது காமம் அன்று, தாய்மை. இறுதிக் காட்சியில் மணமக்களின் வண்டி செல்கிறது. மணமகன் பேச முயல்கிறார். மணமகளின் கண்களோ குழந்தைமேல். தொடக்கத்தில் ஒலித்த மெட்டே வேறு சொற்களுடன் அவளை வாழ்த்துவதுபோல் எள்ளுகிறது.

மணத்தில் முடிவது நகைச்சுவை நாடகத்தின் இலக்கணம். இப்படம் அவ்விலக்கணத்தை வழுவாது காத்தது; காதலை மட்டும் அதற்கு வெளியே நிறுத்திவிட்டது.