எலிக்கு எப்போ போரடிச்சது?

"வீட்டுல எலி வளர்க்கிறேன், அதுக்குப் போரடிக்காம எப்படிப் பாத்துக்குறது?"ன்னு யாராவது கேட்டா இன்னைக்குப் பதில் ரெடியா இருக்கு. தனியா ஒண்ண மட்டும் வெக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு வேணும். ஏற கயிறு, ஒளிய பெட்டி, தினமும் கூண்டுக்கு வெளியே கொஞ்ச நேரம். ஆனா இந்தக் கேள்வியை மனுஷங்க கேக்க ஆரம்பிச்சதே ரொம்ப லேட். அதுக்கு முன்னாடி கேள்வி தலைகீழா இருந்தது: எலியை வெச்சு நமக்கு எப்படிப் பொழுது போகும்?

கதை லண்டன்ல. 1835-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, காளை, கரடி மேல நாய்களை ஏவி விடுற விளையாட்டுகளைத் தடை செய்தது. எலிகளைப் பத்தி யாரும் கவலைப்படல. அதனால மதுக்கடைகள்ல மரத்தடுப்பு கட்டி, உள்ளே நூறு எலிகளைக் கொட்டி, ஒரு நாயை இறக்கி, எத்தனை நிமிஷத்துல எல்லாத்தையும் கொல்லும்னு பந்தயம் கட்டுறது ஓஹோன்னு நடந்தது. 1820-களிலேயே பில்லிங்கிற நாய் நூறு எலிகளை அஞ்சரை நிமிஷத்துல முடிச்சதா பேர் வாங்கியிருந்தது.

இதுக்கு எலி சப்ளை வேணுமே? அதுவும் உயிரோட. அங்கதான் ஜாக் பிளாக் வர்றார். விக்டோரியா ராணிக்கே எலி பிடிக்கிறவன்னு சொல்லிக்கிட்டவர். ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர், லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பத்தின தன் புத்தகத்துக்காக இவரோட நிறைய பேசியிருக்கார். பச்சை கோட்டு, சிவப்பு வெய்ஸ்ட்கோட்டு, குறுக்கே போட்ட பெல்ட்டுல வார்ப்பிரும்பு எலி பொம்மைகள். தெருவுல நின்னு எலிகளைக் கை மேலயும் தோள் மேலயும் ஓடவிட்டு எலி மருந்து விப்பார். கடி வாங்கிச் சாகக் கிடந்திருக்கார், அதுவும் ஒரு தடவை இல்ல.

இவர் செஞ்ச இன்னொரு வேலைதான் நமக்கு முக்கியம். வலையில விசித்திரமான நிறத்துல ஒரு எலி சிக்கினா, அதைக் கொல்லாம வளர்த்து, இனப்பெருக்கம் செய்து, கைக்குப் பழக்கி வித்தார். வாங்கினவங்கள்ல வசதியான வீட்டுப் பெண்களும் உண்டு. அணில் கூண்டுல வெச்சு வளர்த்தாங்க. ஒரே ஆள் கையிலிருந்து சாதாரண எலி பந்தயத்துக்கும், வெள்ளை எலி வரவேற்பறைக்கும் போச்சு. வித்தியாசம் ரோமத்தோட நிறம் மட்டும்தான். (இங்கிலாந்துதான் முதல்னு நெனைச்சுடாதீங்க. ஒசாகாவுல 1775-லேயே எலி வளர்ப்புக்குக் கையேடு வந்தாச்சு.)

அப்புறம் 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண், அங்கே இருந்த நேஷனல் மவுஸ் கிளப்கிட்ட "எலிகளையும் கண்காட்சியில சேருங்க"ன்னு கேட்டார். அக்டோபர் 24, எய்ல்ஸ்பரி நகரம். அவரோட கறுப்பு வெள்ளை எலிக்கே முதல் பரிசு. 1912-ல் கிளப் பேருலயும் எலி சேர்ந்தது. 1921-ல் அவர் இறந்த பிறகு ஆர்வம் வடிஞ்சு, கொஞ்ச வருஷத்துல பேரிலிருந்தும் எலி போயிடுச்சு. எலிக்குன்னே தனிச் சங்கம் பிரிட்டன்ல வர 1976 ஆச்சு.

இடைப்பட்ட காலத்துல எலி இருந்தது ஆய்வுக்கூடத்துல. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்துல உருவான வெள்ளை எலி உலகம் முழுக்கப் போச்சு. 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நூத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூட எலி வகைகளோட மரபணுவைப் பார்த்தாங்க. வெள்ளை எலிகளுக்குள்ள, தலையும் முதுகும் மட்டும் நிறமா இருக்குற அந்தக் கறுப்பு வெள்ளை டிசைனுக்கான மரபணு மாற்றம் ஒளிஞ்சிருந்தது. எங்க பாஷையில சொன்னா, எல்லாமே வளர்ப்பு எலிங்கிற பழைய ரெப்போவோட ஃபோர்க்.

இன்னைக்கு எலி வளர்க்கிறவங்க சொல்ற உடல்நல அறிவுரை நிறைய இந்த ஆய்வுக்கூடங்கள்ல கத்துக்கிட்டதுதான். எலிக்கு நுரையீரல்தான் பலவீனம். மைக்கோபிளாஸ்மா தொற்று வந்தா லேசுல போகாது. சிறுநீர்ல இருந்து வர்ற அமோனியா அதை இன்னும் மோசமாக்கும். அதனாலதான் காத்து போகாத கண்ணாடித் தொட்டி வேண்டாம், தேவதாரு மரச்சீவல் விரிக்காதீங்க, தினமும் ஈரமான இடத்தைச் சுத்தம் பண்ணுங்கன்னு சொல்றாங்க. இருக்கறதே ரெண்டு, மூணு வருஷம் வாழ்க்கை.

பொழுதுபோக்கு விஷயம் கடைசியாத்தான் வந்தது. 1990-களின் கடைசியில ஜாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி ஓஹையோவுல எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். 50 கிலோஹெர்ட்ஸ்ல சத்தம் போட்டுதுங்க. நம்ம காது 20-க்கு மேல கேக்காது. ஜாக் பிளாக்கோட தோள் மேல ஓடின எலி ஏதாவது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

2019-ல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துல எலிகளுக்குக் கண்ணாமூச்சி சொல்லிக்கொடுத்தாங்க. ஜெயிச்சா தீனி கிடையாது, கிச்சுக்கிச்சு மட்டும்தான். தேடும்போது உற்சாகமா கத்தின எலிகள், ஒளியும்போது கப்சிப். ஒளிய ரெண்டு வகைப் பெட்டி இருந்தது: உள்ளே இருக்கறது தெரியற மாதிரி ஒண்ணு, தெரியாத மாதிரி ஒண்ணு. அதுங்க பெரும்பாலும் தேடிப் போனது தெரியாத பெட்டியைத்தான்.