பிளாக்ஆடர்: முடிந்த கதையைத் திரும்பத் திறந்தால்

மிஸ்டர் பீனாக நமக்குத் தெரிந்த ரோவன் அட்கின்சன், அதற்கு முன்பே பிபிசியின் 'பிளாக்ஆடர்' நகைச்சுவைத் தொடரில் கலக்கியவர். நான்கு சீசன், நான்கு காலகட்டம். குயுக்திக்கார வம்சம் ஒன்று, கூடவே பால்ட்ரிக் என்ற மண்டு எடுபிடி.

கடைசி சீசன் முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நடக்கிறது. தப்பிக்க பிளாக்ஆடர் போடாத திட்டமில்லை. 1989 நவம்பர் 2 அன்று வந்த இறுதி எபிசோடில் எதுவும் பலிக்கவில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் மேலேறி குண்டுமழைக்குள் ஓடுகிறார்கள். காட்சி பாப்பி மலர்வெளியாகக் கரைகிறது. போரில் மாண்டவர்களுக்காக பிரிட்டிஷார் அணிவது அந்தப் பூவைத்தான்.

பத்து வருஷம் கழித்து அதே கூட்டணி ஒரேயொரு சிறப்புப் படத்துக்குச் சேர்ந்தது. லண்டன் மில்லேனியம் டோமில் 2000-ல் காட்டுவதற்காக எடுத்த படம். இதில் கால இயந்திரம் ஏறி, வரலாற்றையே மாற்றி பிளாக்ஆடர் ராஜாவாகிறான். பால்ட்ரிக் பிரதமர்!

சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனா 1989 முடிவு உலுக்கியதே, வரலாற்றை எந்தக் கெட்டிக்காரனாலும் ஏமாற்ற முடியாது என்று காட்டியதால்தான். அந்த விதியைத் தளர்த்தியதும், பழைய முகங்களைப் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் மிஞ்சுதுன்னு எனக்குத் தோணுது.