ஆங்கிலப் பீங்கானின் அடிப்புறம்: காலக் கணிப்பும் உழைப்பின் சுவடும்

பழம்பொருள் சேகரிப்போர் ஆங்கிலப் பீங்கான் தட்டொன்று கைக்கு வந்ததும் அதனைக் கவிழ்த்து, அடிப்புறத்திலுள்ள முத்திரையையே முதலில் நோக்குவர். முத்திரை, ஆலை, விலை என்ற ஒழுங்கிலே அவர்தம் சிந்தனை செல்லும். சமூக வரலாற்று மாணவனும் அத்தட்டைக் கவிழ்க்கத்தான் வேண்டும். ஆயின், உற்பத்தி நுட்பம், சொத்துரிமைச் சட்டம், உழைப்பாளியின் கூலி ஆகிய மூன்றும் ஒருங்கே பதிவாகிய ஆவணமாக அவன் அதனை வாசித்தல் வேண்டும். இம்மூன்றையும் பிரித்தறியாவிடத்துக் காலக் கணிப்பும் பிழைபடும், வரலாறும் அரைகுறையாகும்.

நமது பேச்சு வழக்கிலே ‘பீங்கான்’ என்பது பூச்சிட்ட தட்டுக்கள் அனைத்தையும் குறிக்கும். ஈண்டு அச்சொல் ஒளி ஊடுருவும் வெண்ணிற வகையை மாத்திரமே சுட்டுகிறது. ஜேர்மனியில் மைசன் ஆலை 1710 இல் அரசனின் ஆதரவிலே தோன்றியது. இங்கிலாந்திலோ வணிகரும் மருந்துவினைஞரும் தனியார் முதலீட்டுடன் இத்தொழிலில் இறங்கினர். அதனால் ஆலைக்கொரு கலவை பிறந்தது. 1740களிலே தொடங்கிய செல்சி ஆலை கண்ணாடித் தூளையும், போ ஆலை எலும்புச் சாம்பலையும், 1751 இல் நிறுவப்பட்ட வூஸ்டர் ஆலை மாக்கல்லையும் கலந்தன. கோர்ன்வால் வெண்களிமண்ணைக் கொண்டு வில்லியம் குக்வேர்தி 1768 இல் காப்புரிமை பெற்றார். 1790களில் ஸ்போட் ஆலையிலே, ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பலும் எஞ்சிய பாதி வெண்களிமண்ணும் கோர்ன்வால் கல்லுமாக அமைந்த கலவை நிலைபெற்றது. 1784 இல் தேயிலைத் தீர்வை பெரிதும் குறைக்கப்பட்டமையும், கிழக்கிந்தியக் கம்பெனி 1791 இல் சீனப் பீங்கானின் மொத்த இறக்குமதியைக் கைவிட்டமையும் உள்நாட்டு ஆலைகளுக்கு மத்தியதர வர்க்கச் சந்தையைத் திறந்துவிட்ட காலம் அது.

எனவே காலக் கணிப்பின் முதற்படி முத்திரையன்று, கலவையேயாகும். வெளிச்சத்துக்கெதிரே பிடித்தால் ஆரம்பகால வூஸ்டர் கிண்ணம் பெரும்பாலும் இளம்பச்சை காட்டும். ஸ்போட் வகைக் கலவை தூய வெண்மை காட்டும். இப்பிந்திய கலவையினாலான தட்டில் செல்சியின் நங்கூரமே பொறிக்கப்பட்டிருப்பினும், அது செல்சியில் உருவானதாக இருத்தல் இயலாது.

இரண்டாவது படி அலங்காரமாகும். ஜோன் சட்லரும் கை கிரீனும் லிவர்பூலிலே 1756 இல் ஆறு மணி நேரத்தினுள் 1,200க்கு மேற்பட்ட சுவரோடுகளில் சித்திரம் பதித்ததாகச் சத்தியக் கூற்று அளித்தனர். செப்புத் தகட்டிலே செதுக்கிய சித்திரத்தைத் தாளிலே ஒற்றி, தாளிலிருந்து பாண்டத்துக்கு மாற்றுவதே இம்முறை. வூஸ்டர் ஆலையும் 1750களிலேயே இதனைக் கையாண்டது. உருப்பெருக்கியால் நோக்குமிடத்துத் தூரிகையின் தடத்துக்குப் பதிலாகச் செதுக்கிய நுண்கோடுகளும், தாளின் ஓரங்கள் பொருந்தாத இடத்திலே சித்திரம் முறிவதும் புலனாகும். ஓவியனின் தேர்ச்சி செதுக்குவோன், ஒற்றுவோன், நிறந்தீட்டுவோன் எனப் பலரிடையே சிதறிய உழைப்புப் பிரிவினையின் தடயம் அது.

முத்திரைகள் இவற்றின் பின்னரே வருகின்றன. வூஸ்டர் ஆலை சீன எழுத்துக்களை ஒத்த குறிகளையும் மைசனின் குறுக்கு வாள்களையும் இட்டதுண்டு. செல்சியின் பொன் நங்கூரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துச் சாம்சன் நிறுவனம் போலிசெய்தது. இவற்றினும் சட்டத்தின்வழி வந்த குறிகள் உறுதியானவை. 1842 முதல் 1883 வரை வழங்கிய சாய்சதுரப் பதிவுக் குறியிலே, 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையிலும், 1868 முதல் வலப்புறத்திலும் இடம்பெறும். அது வடிவம் பதிவான ஆண்டேயன்றிப் பாண்டம் உருவான ஆண்டன்று என்பது மனங்கொளத்தக்கது. 1884 முதல் தொடரெண்கள் வந்தன. ஐக்கிய அமெரிக்காவின் மக்கின்லி தீர்வைச் சட்டம் 1891 இல் நடைமுறைக்கு வந்தபின் ‘இங்கிலாந்து’ என்ற பெயர் முத்திரைகளிலே பொதுவழக்காயிற்று.

இக்குறிகளுக்கருகே சிறு புள்ளியோ எண்ணோ எழுத்தோ காணப்படுவதுண்டு. ஆலைப் பெயரைத் தேடுவோர் பொதுவாக இதனைப் பொருட்படுத்துவதில்லை. இவற்றுட் பல உழைப்பாளியின் குறிகள்; எண்ணிக்கைக் கூலியைக் கணக்கிட இடப்பட்டவை. சூளையிலிருந்து பழுதின்றி வெளிவந்தவற்றுக்கே கூலி என்ற வழக்கம் ஸ்டஃபோட்ஷயர் பாண்டத் தொழிலிலே நீண்டகாலம் நிலவியது. சூடேற்றியவனின் தவறுக்கு வனைந்தவன் இழப்பேற்றான்.

1863 இல் வெளியான சிறுவர் வேலை ஆணைக்குழுவின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியிலே வில்லியம் வூட் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைக் குறிப்பிடுகிறார். ஏழு வயதும் பத்து மாதமும் நிரம்பியபோதே வேலைக்கு வந்த அவன், காலை ஆறு மணிமுதல் இரவு ஒன்பது மணிவரை அச்சுக்களைச் சுமந்து உலர்த்தும் அறைக்கு ஓடினான். பாண்டத் தொழில் 1864 இலேதான் தொழிற்சாலைச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது.

இவ்விரு ஆண்டுகளையும் ஒப்புநோக்குதல் தகும். தட்டின் வடிவத்துக்குச் சாய்சதுரக் குறியின் பாதுகாப்பு 1842 இலேயே கிடைத்தது. அத்தட்டின் அச்சைச் சுமந்த சிறுவனுக்குச் சட்டம் கைநீட்ட மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. இவ்வுண்மையை முத்திரை அட்டவணைகள் கூறா. அருங்காட்சியகப் பட்டியல்கள் ஆலையின் பெயரோடு அப்பெயரற்ற சிறு குறிகளையும் முறையாகப் பதிவுசெய்யும்போதே பீங்கானின் வரலாறு அதனை ஆக்கியோரின் வரலாறாகவும் அமையும்.