நன்மை செய்யும் வைரஸும் உரிமையாளரின் இசைவும்

கணினி வைரஸால் நன்மை விளையுமா என்னும் வினா வைரஸ் ஆய்வின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1984-இல் பிரெட் கோஹன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நிரல்களைச் சுருக்கிச் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் வைரஸ் ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது. அது பயனரின் இசைவைப் பெற்றே நிரலைச் சுருக்கும். மிச்சமாகும் இடத்தைப் பேசுவோர் பலர். இசைவைப் பேசுவோர் சிலரே.

1994-இல் பல்கேரிய ஆய்வாளர் வெசெலின் போன்ட்செவ் இவ்வாதத்தை விரிவாக ஆராய்ந்தார். தானே பரவும் நிரலைக் கட்டுப்படுத்துதல் அரிது. அது செய்யும் நற்பணியைப் பரவாத நிரலைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்பன அவர் முன்வைத்த மறுப்புகளுள் முதன்மையானவை.

2003 ஆகஸ்டில் இம்மறுப்புக்கு நடைமுறைச் சான்று கிடைத்தது. பிளாஸ்டர் என்னும் புழு நிரலை நீக்கி, மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தத்தையும் நிறுவும் வெல்சியா என்ற மற்றொரு புழு பரவியது. அது அடுத்தடுத்த கணினிகளைத் தேடி எழுப்பிய நெரிசலில் பல வலையமைப்புகள் திணறின. மருந்தே நோயாயிற்று.

இந்தியாவில் இவ்வினாவுக்கு விடை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உள்ளது. அதன் 43-ஆம் பிரிவு தரும் வைரஸ் வரையறையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, கணினி வளத்தை அழிப்பது அல்லது அதன் செயல்திறனைக் குலைப்பது; மற்றொன்று, பிறிதொரு கணினி வளத்தோடு தன்னை இணைத்துக்கொண்டு இயங்குவது. இரண்டையும் பிணைக்கும் சொல் ‘மற்றும்’ அன்று, ‘அல்லது’. ஆகவே, தீங்கே செய்யாத நிரலும் ஒட்டிப் பரவினால் வைரஸே. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் இசைவின்றி அதைப் புகுத்துவதே 43-ஆம் பிரிவு சுட்டும் தவறு. நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம், 2008 திருத்தத்திற்குப் பிந்தைய 66-ஆம் பிரிவின்படி அச்செயலைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நல்லெண்ணம் சிறையைத் தவிர்க்க உதவலாம். இழப்பீட்டுப் பொறுப்பை அது தானாக நீக்கிவிடாது.

2017-இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா என்னும் நடுவண் அரசு மையத்தின் வழிமுறை இதற்குப் பொருந்துகிறது. தீநிரல் நீக்கும் கருவிகளை அது இலவசமாக வழங்குகிறது. பயனரே அவற்றைப் பதிவிறக்கி இயக்க வேண்டும். வெல்சியா செய்ய முயன்ற அதே துப்புரவுப் பணிதான். கதவைத் திறப்பவர் யார் என்பதில் மட்டுமே வேறுபாடு. நன்மை, தீமை என்று நீளும் இவ்விவாதத்தின் அச்சாணியும் அதுவே.